சொந்தக் காரணம் என்று எழுத வைத்தவள்

போன வாரம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீசில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். கெட்டிக்காரி. நான் கால் மணி நேரம் தேடும் ஃபைலை ஒரு தட்டுத் தட்டி எடுத்துவிடுவாள். அதனால் அவள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. "ஸ்டெல்லாக்கா, ராஜினாமா லெட்டருக்கு ஒரு மாடல் சொல்லுங்க. ஒருத்தங்களுக்கு வேணும்" என்றாள்.

கம்பெனியில் இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். ராஜினாமாவுக்கும் அதில் ஒரு பக்கம் வந்துவிட்டதாம். காரணத்தை எழுத வேண்டியதில்லை, பட்டியலில் இருந்து ஒன்றைத் தொட்டால் போதும். பட்டியலின் தலையில் நிற்பது 'சொந்தக் காரணம்'. கூடவே கையால் எழுதிய கடிதம் ஒன்றையும் படமெடுத்துச் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் மாடல்.

அந்தச் 'சொந்தக் காரணம்' எங்கிருந்து வந்து அங்கே உட்கார்ந்தது என்று நிவேதாவுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் எழுதியவனுக்கும் தெரிந்திருக்காது. அது என் சரக்கு. அதனால் மாடலை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைக்க எனக்கு மனம் வரவில்லை; எழுதி அனுப்புகிறேன் என்றேன். ரிட்டயர் ஆனவளிடம் ஒரு வரி கேட்டால் ஒரு வரியோடு தப்பித்துவிட முடியுமா? நிவேதா, டீ போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

என் அப்பாவும் அம்மாவும் பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். எங்கள் குடும்பத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த முதல் ஆள் நான். கடைசி ஆளும் நான்தான், ஏனென்றால் அதற்குப் பிறகு டைப்ரைட்டரே போய்விட்டது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்தேன். காரைப் பிரித்தால் உள்ளே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கற்றை கற்றையாக ஒயர் ஓடுகிறதே, அதைப் பலகையில் வரிசையாக அடுக்கிக் கட்டும் வேலை. விரல் நுணுக்கம் வேண்டும் என்று பெண்களாகவே எடுத்தார்கள். பெண்களை எடுத்தால் பின்னாடியே பிள்ளைகளும் வருவார்கள் என்பது மட்டும் ரொம்ப நாளைக்கு யாருக்கும் நினைவு வரவில்லை.

முதல் ஆறு மாதம் என்ன கற்றேன் என்றால், லேட்டாக வந்தவளின் கார்டை எந்தப் பெட்டியில் போடுவது என்று கற்றேன். மீதியெல்லாம் வரதராஜன் சாரிடம் கற்றது.

வரதராஜன் சார் பர்சனல் மேனேஜர், ஆள் எடுப்பதும் அனுப்புவதும் அவர் பொறுப்பு. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைப்பார்கள். அவர் ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேலும் வைத்திருப்பார். எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் படிக்க மாட்டார். இடது பக்க மார்ஜினில் ஸ்கேலை வைத்து அளப்பார். ஒன்றேகால் அங்குலம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கடிதத்தை மேஜை மேல் மெல்ல என் பக்கம் தள்ளுவார். "ஃபைல்ல பஞ்ச் பண்ணா எழுத்து ஓட்டையில விழும்மா" என்பார். கோபமே வராது. கத்தவும் மாட்டார். கத்தினால்கூடத் தேவலை, இந்தத் தள்ளலுக்கு நாங்கள் எல்லோரும் நடுங்குவோம்.

ராஜினாமா என்றால் எங்கள் முறை இது. கடிதம் வாங்க வேண்டும். லாக்கர் சாவி, ஷூ, கேன்டீன் டோக்கன், கழுத்தில் தொங்கும் பேட்ஜ் எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டும். நிரந்தரப் பணியாளருக்கு நீலப் பட்டை, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள் பட்டை. நீலப் பட்டையை வாங்கி என் டிராயரில் போட்டுப் பூட்டினால் வேலை முடிந்தது.

ஆரம்பத்தில் ஒரு அம்மா இரண்டு பக்கத்துக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்தார். மாமியார் முழங்கால், பிள்ளைக்கு மூச்சிழுப்பு, வீட்டுக்காரர் குடி, சினைமாடு, எல்லாம் அதில் இருந்தது. வரதராஜன் சார் அளந்தார், படித்தார், என் பக்கம் தள்ளினார். "இது ராஜினாமா இல்ல ஸ்டெல்லா, குடும்பக் கதை. ஒரே வரியில ஒரு வழி பண்ணு." நான் யோசித்து, 'சொந்தக் காரணங்களுக்காக என் வேலையை ராஜினாமா செய்கிறேன்' என்று ஒரு வரி செய்தேன். சாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மாமியார் முழங்காலிலிருந்து மாடு வரை அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டதே. அன்றிலிருந்து வேலையை விட வரும் எந்தப் பெண்ணுக்கும் நானே அதைச் சொல்லி எழுத வைத்தேன். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும்.

இனி சைரன் கதை. டைம் ஆபீசில் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் சாப்பாட்டு சைரன். ஒருநாள் கஸ்தூரி என்ற பெண், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தன் மூன்று வயது மகளைக் கம்பெனி பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தக் குட்டியை என்னிடம்தான் உட்கார வைத்தார்கள். நான் கார்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலி மேல் ஏறி, ஒன்பதரை மணிக்குச் சைரனை அமுக்கினாள். ஷிஃப்ட் முழுக்கக் கையைக் கழுவிக்கொண்டு கேன்டீனுக்கு வந்து தட்டோடு நின்றது. சமையல்காரர் அப்போதுதான் அரிசி களைந்துகொண்டிருந்தார். அன்று பார்த்து வாடிக்கையாளர்களும் ஒயர் கட்டும் லைனைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் பார்த்ததெல்லாம் காலி நாற்காலிகள்தான்.

மறுநாள் வரதராஜன் சார் ஒரு விதி எழுதச் சொன்னார். நான் எழுதினேன்: 'கம்பெனி பஸ்ஸில் பணியாளர் தவிர வேறு எவரையும், எந்த வயதினராயினும், எக்காரணம் கொண்டும் ஏற்றக் கூடாது.' 'எந்த வயதினராயினும்' என்பது சார் சொல்லாமல் நானே சேர்த்தது. கையெழுத்துப் போட்டு, லேமினேட் செய்து, ஒவ்வொரு பஸ்ஸிலும் டிரைவர் தலைக்கு மேல் ஒட்ட வைத்தேன். அதன் பிறகு பத்து வருஷம் அந்த அறிவிப்புக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் நானும் பொன்னேரியிலிருந்து போய் வந்தேன்.

இடையில் சட்டம் மாறியது. பிரசவ லீவு பன்னிரண்டு வாரத்திலிருந்து இருபத்தாறு வாரமாயிற்று. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கிரெஷ் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்து வரலாம் என்றும் வந்தது. நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் பெண்கள் கூட்டமாக நின்று படித்தார்கள். நான் சந்தோஷப்பட்டேனா? இல்லை. பொறாமையாக இருந்தது. ஒளிப்பானேன்.

எனக்குப் பையன் பிறந்தபோது பன்னிரண்டு வாரம்தான். மூன்று மாதத்துப் பிள்ளையை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். பத்து மணிக்கு மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். டாய்லெட்டில் போய்ப் பாலைப் பிழிந்து ஊற்றிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கார்டு அடுக்குவேன். சாயங்காலம் போனால் பிள்ளை அந்த அக்கா தோளை விட்டு என்னிடம் வர மாட்டான். இத்தனையும் பட்டவளுக்கு, இனி வருகிறவளும் படட்டுமே என்றுதான் முதலில் தோன்றும் போலிருக்கிறது. "இருவத்தாறு வாரமா? புள்ள நடந்தே வேலைக்கு வந்துடுமே" என்று நான் ஆபீசில் கிண்டல் அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கிரெஷும் கட்டினோம். கேன்டீனுக்குப் பின்னால் நல்ல காற்றோட்டமான அறை. தொட்டில், பாய், பால் காய்ச்ச அடுப்பு, தாய்மார் உட்காரத் திரை போட்ட மூலை, எல்லாம் சட்டப்படி. கட்சி விளம்பரம் எழுதும் பெயின்டரை விட்டுச் சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரையச் சொன்னோம். அது கழுத்து சுளுக்கிய குதிரை மாதிரி வந்தது. அத்திப்பட்டிலிருந்து குணாம்மா என்பவரை ஆயாவாகப் போட்டோம். நேரப் பலகையையும் நானே எழுதினேன்: காலை ஐந்தரை முதல் மாலை நாலரை வரை. பிள்ளை பெற்று வருபவர்களை முதல் வருஷம் விடிகாலையில் தொடங்கும் ஏ ஷிஃப்டில்தான் போடுவோம். ஏ ஷிஃப்ட் இரண்டரைக்கே முடிந்துவிடும், நாலரை வரை தாராளம் என்பது என் கணக்கு.

எல்லாம் இருந்தது. பிள்ளைதான் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், ஒரு வருஷம். குணாம்மா தினமும் வந்து பொம்மைகளைத் துடைத்து வைப்பார், தொட்டிலை ஆட்டிப் பார்ப்பார், வருகைப் பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். "ஸ்டெல்லாம்மா, துணி தச்சுக் குடுக்கட்டுமா? கை சும்மா கீதே, பேஜாரா கீது" என்பார். ஆயுத பூஜைக்கு வாங்கிய பூசணிக்காய்களை அங்கேதான் அடுக்கினோம்.

திங்கட்கிழமைதோறும், மொத்தத் தொழிற்சாலைக்கும் பொறுப்பான பிளாண்ட் ஹெட் கூட்டம் நடத்துவார். கிரெஷ் ஏன் காலியாக இருக்கிறது என்று அவர் கேட்டபோது நான் எழுந்து, "யாரும் கேக்கல சார். வேலைய விடறவங்க லெட்டர் எல்லாம் பாத்துட்டேன், ஒருத்தர்கூட குழந்தைக்காகன்னு எழுதல. எல்லாம் சொந்தக் காரணம்தான்" என்றேன். அந்தக் கடிதங்களை எழுத வைத்தவளே அதைச் சாட்சியாக எடுத்து நீட்டினேன். அது அன்று எனக்கு உறைக்கவே இல்லை.

அப்படி வேலையை விட்டவர்களில் சிலர் இரண்டு வருஷம் கழித்து மறுபடி கேட்டில் வந்து நிற்பார்கள். அப்போது கான்ட்ராக்டர் மூலமாகத்தான் எடுப்போம். ஏழு வருஷம் லைனில் நின்று பத்துப் பேருக்கு வேலை கற்றுக் கொடுத்தவள், புதுசாகப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளோடு முதல் நாள் வரிசையில் நிற்பாள். நீலப் பட்டையோடு போனவள் மஞ்சள் பட்டையோடு உள்ளே வருவாள். பட்டையை மாட்டிவிடுவது நான்தான். அவர்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

சரண்யா வந்தது அப்படிப்பட்ட ஒரு காலத்தில்தான். பழவேற்காட்டுப் பக்கம் ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பத்துப் பெண். கல்யாணமாகிப் பொன்னேரி ஸ்டேஷன் பக்கம் வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்காரர் அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்துக் கான்ட்ராக்ட் வேலை, வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். இவள் செக்கிங் மேஜையில் இருந்தாள். ஐம்பது ஒயர் போகிற கற்றையில் ஒன்று இடம் மாறியிருந்தால், எல்லோரும் மீட்டரை வைத்துத் தேடுவார்கள். இவள் கையால் தடவிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்தி, "இத்த பாரு" என்பாள்.

இருபத்தாறு வாரம் முடியும் சனிக்கிழமை, இடுப்பில் பெண் குழந்தையோடு மின்சார ரயிலில் வந்து இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து டைம் ஆபீசுக்கு வந்தாள். குழந்தைக்கு யாழினி என்று பெயர். வந்ததும் என் ஸ்டாப்ளரைப் பிடித்து இழுத்தது. நான் சைரன் பட்டனைப் பார்த்துக்கொண்டேன்.

"வேலைய உட்டுர்றேங்கா" என்றாள்.

நான் வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன் வைத்தேன். "எழுதிக்கோ. சொந்தக் காரணங்களுக்காக..."

அவள் எழுதவில்லை. "அப்டி ஏன் எய்தணும்? எனுக்கு சொந்தக் காரணம் ஒண்ணும் இல்லியே."

"எல்லாரும் அப்படித்தாம்மா எழுதுவாங்க."

"எங்கம்மா எறா உரிக்கப் போவுது. மாமியார் இல்ல. அவுரு டூட்டிக்குப் போயிட்டா ஊட்ல யாரு கீறாங்க? சரி, இங்கயே கிரெஷ் கீதேன்னு கூட்டியாரலாம்னு பாத்தா, பஸ்ல ஏத்த மாட்டேன்றாங்க. காலைல அஞ்சே காலுக்கு நான் கொயந்தைய வெச்சிக்கினு ரயிலு ஏறி ஆட்டோ புடிச்சி எப்டிக்கா வருவேன்? கிரெஷ்ஷ கட்டிட்டு வழிய மறிச்சி வெச்சிக்கிறீங்க. அத்தத்தான் எய்துவேன்."

"பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னு யார் சொன்னது?"

"டிரைவரு தல மேல எய்தி ஒட்டிக்கீதே. கீழ ஒரு கையெய்த்து கீது." அவள் என் மேஜையில் இருந்த லீவு சீட்டைப் பார்த்தாள். "இந்தக் கையெய்த்துதான்."

நான் அந்தச் சீட்டைக் கவிழ்த்து வைத்தேன். அவள் எழுதத் தொடங்கினாள். கோணல் மாணலான எழுத்து. 'கம்பெனி பஸ்ஸில் குழந்தையை ஏற்றக் கூடாது என்பதால் கிரெஷுக்குக் கொண்டுவர முடியவில்லை. வேறு காரணம் இல்லை. வேலையை விட எனக்கு விருப்பமும் இல்லை. விடுகிறேன்.' கழுத்திலிருந்து நீலப் பட்டையைக் கழற்றப் போனாள். லெட்டர் பாஸ் ஆகாமல் பேட்ஜ் வாங்க முடியாது, அதுதான் முறை என்று நான் அவசரமாகச் சொன்னேன். நான் முறைக்கு நன்றி சொன்னது அன்று ஒரு நாள்தான்.

அன்று மாலை பஸ்ஸில் ஏறியதும் நிமிர்ந்து பார்த்தேன். லேமினேஷன் ஓரத்தில் பழுத்துப் போயிருந்தது. 'எந்த வயதினராயினும்.' ஊர் வந்து சேரும் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். கிரெஷுக்குத் தொட்டில் வாங்கினேன், பால் அடுப்பு வாங்கினேன், பிள்ளை எதில் ஏறி வரும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. பிள்ளை வராததற்குப் பிள்ளை பெற்றவர்களையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனை பேட்ஜ் என் டிராயருக்குள் போயிருக்கிறது என்று எண்ணத் துணியவில்லை.

திங்கட்கிழமை கடிதத்தை வரதராஜன் சாரிடம் வைத்தேன். அளந்தார். பிறகு படித்தார். இரண்டாம் தடவை படித்தார். அவர் எதையும் இரண்டு தடவை படித்து நான் பார்த்ததில்லை.

"காரணம்ங்கிற இடத்துல காரணத்த எழுதியிருக்கு" என்றார்.

"ஆமா சார்."

"மார்ஜின் ஓரங்குலம்தான் இருக்கு. திருப்பி எழுதச் சொல்லு. அது வரைக்கும் ஏத்துக்கிட்டதா ஆகாது." கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

சரண்யா மறுபடி ரயில் ஏறி வந்தாள். குழந்தையை வைத்துக்கொண்டு எழுத முடியவில்லை. பக்கத்தில்தானே கிரெஷ் இருக்கிறது என்று குணாம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். குணாம்மா குழந்தையை வாங்கிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு வருஷமாகக் காத்திருந்த கை. பதிவேட்டில் முதல் தடவையாக 'இல்லை' என்பதற்குப் பதில் ஒரு பெயர் ஏறியது. எங்கள் கிரெஷின் முதல் குழந்தை, வேலையை விட வந்தவளின் குழந்தை.

புதிய கடிதத்தில் மார்ஜின் சரியாக இருந்தது. தேதியில் மாதத்தை எண்ணால் எழுதியிருக்கிறாள், எழுத்தால் எழுத வேண்டும் என்று சார் தள்ளிவிட்டார். மூன்றாம் தடவை வந்தாள். அந்தக் கடிதத்தில் 'விருப்பம் இல்லை' என்றும் 'விடுகிறேன்' என்றும் இரண்டு இருக்கிறது, எது என்று தெளிவாக இல்லை என்றார்.

"இன்னாக்கா இது? வேலைய உடறதுக்கே இத்தினி வேலையா?" என்று சரண்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நாஷ்டாகூட துன்னாம ஓடியாந்துகினு கீறேன்." அதற்குள் யாழினி குணாம்மாவிடம் சொந்தம் கொண்டாடத் தொடங்கிவிட்டது. குணாம்மாவோ, "எய்துறத மெதுவா எய்தட்டும், கொயந்த தூங்குது" என்று சொல்லி அனுப்பினார்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு நாள் ஓடியது. கடிதம் ஏற்கப்படாததால் அவள் இன்னும் எங்கள் பணியாளர். சம்பளமில்லா விடுப்பு என்று போட்டு வைத்தேன். ஆனால் எத்தனை நாளைக்கு? அதற்கு மேல் போனால் சொல்லாமல் வராதவள் என்று கடிதம் போக வேண்டும், அதுவும் முறை. செக்கிங் மேஜையில் அவள் இடத்துக்கு வேறு பெண்ணைப் போடவும் பேச்சு நடந்தது. அடுத்த வாரக் கடைசிக்குள் ஒரு முடிவு வராவிட்டால், அந்த நீலப் பட்டையை நானே வாங்கி டிராயரில் போட வேண்டியிருக்கும்.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில், வழக்கத்துக்கு விரோதமாக, வரதராஜன் சார் சரண்யாவின் மூன்று கடிதங்களையும் கிரெஷ் பதிவேட்டையும் பிளாண்ட் ஹெட் முன்னால் வைத்தார்.  ஸ்கேலைப் பதிவேட்டில் யாழினி பெயர் ஏறிய இரண்டு வரிக்குக் கீழே வைத்துக் காட்டினார்.

"யாருமே கேக்கலன்னு போன தடவ சொன்னீங்களே" என்று பிளாண்ட் ஹெட் என்னைப் பார்த்தார்.

 நான் எழுந்தேன். "தப்பா சொல்லிட்டேன் சார். அந்த லெட்டர் எல்லாம் நான் சொல்லிக் குடுத்து எழுதினது. பஸ்ல குழந்தைய ஏத்தக் கூடாதுன்னு எழுதி ஒட்டினதும் நான்தான். இந்தப் பொண்ணு ஒருத்திதான் நான் சொன்னத எழுதல."

 பிளாண்ட் ஹெட், "அப்ப எழுதினவங்களே மாத்தி எழுதுங்க. பஸ் கான்ட்ராக்டர்கிட்டயும் இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் கேட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள முடிங்க" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருஷம் பூட்டியிருந்த கதவுக்குப் பூட்டே போடவில்லை போலிருந்தது.

டிரைவர் பாபுதான் கடைசியாக மல்லுக்கு நின்றார். ஆரம்பாக்கத்துக்காரர், ஆந்திரா எல்லைக் காற்று பேச்சில் அடிக்கும், பெண்ணானாலும் அவருக்கு 'நைனா'தான். "நைனா, கொயந்த அயுதா நான் ரோட்ட பாக்கறதா, அத்த பாக்கறதா? வாந்தி கீந்தி எட்த்தா யாரு கயுவறது?"

"நான் கழுவறேன் பாபு" என்றேன்.

"உன் கையெய்த்த தல மேல வெச்சிக்கினு பத்து வருசம் ஓட்டிகினு கீறேன். இப்ப நீயே வந்து ஏத்துன்ற." கிளீனரைக் கூப்பிட்டு அறிவிப்பைக் கிழிக்கச் சொன்னார். லேமினேஷன் அவ்வளவு எளிதில் வருவதாக இல்லை. நான்தான் நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

புதிய விதியை மூன்று தடவை எழுதினேன். இரண்டு தடவை மார்ஜினுக்காகத் தள்ளப்பட்டது. முன் வரிசை இரண்டும் தாய்மாருக்கு, குழந்தை தாய் மடியில்தான் இருக்க வேண்டும், கிளீனர் இறங்கிக் கைபிடித்து ஏற்ற வேண்டும் என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தேன்.

முதல் நாள் பொன்னேரியில் சரண்யா யாழினியோடு ஏறினாள். முன் வரிசையில் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பி ஐந்து நிமிடம்கூடத் தாய் மடியில் குழந்தை இல்லை. பின்னால் இருந்தவள் "இங்க குடு" என்று வாங்கினாள். அவளுக்குப் பின்னால் இருந்தவள் வாங்கினாள். கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் குழந்தை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது சரண்யா கடைசி சீட்டு வரை போய்த் தேடி வாங்கினாள். கன்னத்தில் யாரோ மை வைத்திருந்தார்கள், தலையில் யாருடைய மல்லிகையோ இருந்தது. என் விதியின் இரண்டாவது வாக்கியம் முதல் நாளே காற்றில் போயிற்று. பாபு கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவர், "இன்னா நைனா, இதுக்கா பேஜார் பண்ணோம்" என்றார்.

சரண்யா செக்கிங் மேஜைக்குப் போனாள். பத்து மணிக்கு எழுந்து கிரெஷுக்கு நடந்தாள். டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாக அவள் போவதைப் பார்த்தேன். பத்து மணி. டாய்லெட்டில் நின்ற என் பத்து மணி ஞாபகம் வந்தது. பொறாமை வரும் என்று நினைத்தேன். அழுகைதான் வந்தது.

எல்லாம் அதோடு சரியாகிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆர்.கே. பேட்டையிலிருந்து வந்த பெண்ணுக்கு எங்கள் பஸ் வழியே கிடையாது, விட்டுவிட்டாள். இன்னொருத்தியை வீட்டுக்காரரே வேண்டாம் என்றார். ஆனால் அவள் கடிதத்தில் 'வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார்' என்று எழுதியிருந்தது. நான் வாய் திறக்காமல் தாளை மட்டும் கொடுத்தேன். ஃபைலுக்குள் காரணங்கள் வர ஆரம்பித்தன. கிரெஷில் ஒன்று மூன்றாகி, மூன்று ஏழானது. பூசணிக்காய்களை வேறு இடத்துக்கு மாற்றினோம். யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சரண்யா செக்கிங் மேஜைக்குப் புதியவர்களைப் பழக்குகிறாள், கழுத்தில் அதே நீலப் பட்டையோடு.

வரதராஜன் சார் ஓய்வு பெற்ற அன்று, மாலையெல்லாம் போட்டு முடிந்ததும், தனியாகக் கேட்டேன். "சார், அந்தப் பொண்ணு லெட்டர வேணும்னுதானே மூணு தடவ திருப்பி அனுப்பினீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மார்ஜின் சரியா இல்லம்மா" என்றார்.

சரி நிவேதா, உன் மாடலுக்கு வருகிறேன். யாருக்கு என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் நீ பேசும்போது பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. உன் லீவு முடிய இன்னும் சில நாள்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்; எத்தனை பேர் லீவை எண்ணியவள் நான். ஆபீஸ் ஆறு மணிக்கு விடுகிறது, கிரெஷை நாலரைக்குப் பூட்டுகிறார்கள், இல்லையா? ஒயர் கட்டுகிற பெண்களுக்குத்தான் பிள்ளை பிறக்கும், டைம் ஆபீஸ்காரிக்குப் பிறக்காது என்று, நானே ஒன்று பெற்றிருந்தும், நினைத்து அந்த நாலரையை எழுதியவள் நான்தான். அது என் மண்டையில் உறைக்க நீ ஒருத்தி பிள்ளை பெற வேண்டியிருந்தது.

பட்டியலில் எதையும் தொடாதே. ஒரு வெள்ளைத் தாளை எடு. காரணம் என்ற இடத்தில் காரணத்தை எழுது. கிரெஷ் நேரப் பலகையை எழுதியவள் ஸ்டெல்லா என்று என் பெயரையும் போடு, திங்கட்கிழமைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வந்து எழுந்து நிற்கிறேன். மார்ஜினை மட்டும் கொஞ்சம் கோணலாக விட்டு வை.